எப்போதும் இப்படித்தானா?

ஓர் இளைஞனை எண்ணிக்கொள்ளுங்கள். வயது இருபத்தாறு. சில நாட்களாகச் சரியான தூக்கமில்லை. ரயில் கால அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு, எந்த வண்டியை எந்த ஊரில் எத்தனை நிமிடம் நிறுத்தினால் மொத்தத் தாமதமும் தீரும் என்று நோட்டு நோட்டாக எழுதித் தள்ளுகிறான். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறான். பெற்றோர் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்கள். மருத்துவர் கேட்கிறார்: "எப்போதும் இப்படித்தானா?"

"ஆமாம் டாக்டர். சின்ன வயதிலிருந்தே ரயில் என்றால் அவனுக்கு உயிர்" என்கிறார் அப்பா.

அம்மா தயங்குகிறார். "ரயில் எப்போதும் உண்டு. ஆனால் இது அது இல்லை." அப்படியென்றால் எது மாறியிருக்கிறது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

இளைஞன் கற்பனைதான். ஆனால் ஆட்டிசமும் பைபோலாரும் சேர்ந்து வாய்த்தவர்களின் கதை பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியில்தான் சிக்கிக்கொள்கிறது. அவருடைய இயல்பு எது, அதன்மேல் வந்து ஏறியிருக்கும் நோய் எது? இயல்பு தெரியாத இடத்தில் நோயைக் கண்டுபிடிக்க முடியாது. நோயென்றே தெரியாத இடத்தில் இயல்புக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆட்டிசம் மூளை வளரும் விதத்திலேயே இருக்கும் வேறுபாடு. குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடும். கடைசிவரை உடன் இருக்கும். பிறரோடு பேசிப் பழகும் முறை, ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை உணரும் முறை, ஒழுங்கின்மேல் உள்ள பிடிப்பு, சில விஷயங்களில் ஆழ்ந்துபோகும் ஆர்வம் எல்லாம் அதில் அடங்கும். பைபோலார் அப்படியல்ல. பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலோ இருபதுகளிலோ முதலில் தலைகாட்டும். அலையாக வரும், போகும். மனம் எல்லை மீறி எழும் காலத்தை மேனியா என்கிறார்கள். மருத்துவக் கணக்கில் அது பொதுவாகக் குறைந்தது 7 நாள் நீடிக்க வேண்டும். அதன் மிதமான வடிவமான ஹைப்போமேனியாவுக்கு 4 நாள் போதும். மனச்சோர்வுக் காலத்துக்குக் குறைந்த அளவு 2 வாரம். நடுவில் மாதக்கணக்காக, சிலருக்கு ஆண்டுக்கணக்காக ஒன்றுமே இல்லாமலும் இருக்கும்.

விவசாயிகளுக்குச் சொல்வதென்றால் ஆட்டிசம் மண்வாகு, பைபோலார் பருவம். கரிசலில் பெய்யும் மழையும் செம்மண்ணில் பெய்யும் மழையும் ஒரே மழைதான். நிலத்தில் அது செய்யும் காரியம் வேறு. பைபோலாரைப் பற்றிய பாடப்புத்தக விவரிப்புகள் பெரும்பாலும் செம்மண்ணில் பெய்த மழையைப் பார்த்து எழுதப்பட்டவை என்பதுதான் சிக்கல்.

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்டிசத்தைத் தமிழில் மதியிறுக்கம் என்றார்கள், புற உலகச் சிந்தனைக் குறைபாடு என்றும் அரசு ஆவணங்களில் எழுதினார்கள். முதலாவது மதியைக் குறைசொல்கிறது. இரண்டாவது, வெளியுலகின் ஒவ்வொரு விளக்கொளியும் ஒவ்வொரு ஹாரன் சத்தமும் உள்ளே வந்து குத்துகிற ஒருவரைப் பார்த்து, உனக்கு வெளியுலகமே தெரியாது என்கிறது. பைபோலாருக்கு இருமுனைக் கோளாறு, இருதுருவக் கோளாறு என்ற சொற்கள் உண்டு. மருத்துவமனை வரிசையில் யாரும் அவற்றைச் சொல்லிக் கேட்டதில்லை. வீடுகளில் புழங்குவது "நரம்புத் தளர்ச்சிக்கு மாத்திரை எடுக்கிறான்" என்ற மூடுமந்திரம்தான். ஆகவே இங்கே இரண்டு கடன்சொற்களையும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு பெயர்களும் மருத்துவத்தில் நிலைபெற்ற வரலாறு தனித்தனி. எழுச்சியும் சோர்வும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பதை 1850களில் பாரிசில் ஃபால்ரே, பையார்ஜே என்ற இரு மருத்துவர்கள் அடுத்தடுத்து எழுதினார்கள். 1899இல் ஜெர்மானியரான கிரேப்பலின் அதைத் தன் வகைப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். ஆட்டிசம் என்ற சொல்லோ, ஸ்விட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ப்ளாய்லர், மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயின் ஒரு அறிகுறிக்கு வைத்த பெயர். 1943இல் அமெரிக்காவில் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை அந்தச் சொல்லை வேறு பொருளுக்கு எடுத்துக்கொண்டது. அப்படியும் பல்லாண்டுகள் அது குழந்தைப் பருவ மனச்சிதைவோடு சேர்த்தே எண்ணப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டு நூலில் ஆட்டிசம் தனி நோயறிதலாக இடம்பெற்றதும், பைபோலார் என்ற பெயர் பழைய பெயரை நீக்கி வந்து அமர்ந்ததும் 1980இல் வெளிவந்த ஒரே பதிப்பில்தான். ஒரே நூலில் வந்தாலும் ஒன்று குழந்தைப் பருவக் கோளாறுகளின் பகுதிக்குப் போனது, இன்னொன்று மனநிலைக் கோளாறுகளின் பகுதிக்கு. அந்தப் பிரிவினை இன்றும் நம் மருத்துவமனைக் கட்டடங்களில் தெரிகிறது. ஆட்டிசம் என்றால் குழந்தைகளுக்கான பயிற்சி மையம், பேச்சுப் பயிற்சி, சிறப்புப் பள்ளி. பைபோலார் என்றால் பெரியவர்களின் மனநலப் புறநோயாளிப் பிரிவு. ஆட்டிசம் உள்ள குழந்தை வளர்ந்து முப்பது வயதாகிவிட்டால் எந்த வாசலில் போய் நிற்பது?

எவ்வளவு பேருக்கு இரண்டும் சேர்ந்திருக்கிறது? 2015–16இல் பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையேனும் பைபோலார் வந்தவர்கள் பெரியவர்களில் சுமார் 0.5 சதவீதம். ஆட்டிசம் உள்ளவர்களிடம் என்னென்ன மனநலச் சிக்கல்கள் சேர்ந்து வருகின்றன என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த கட்டுரை, பைபோலாருக்குத் தரும் அளவு ஏறத்தாழ 5 சதவீதம். இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பத்து மடங்கு என்று சொல்லிவிடக் கூடாது. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணும் ஆய்வுகளில் எண்ணிக்கை எப்போதும் ஏறித்தான் நிற்கும். ஆனாலும் இது தற்செயலான சேர்க்கை இல்லை என்பது தெளிவு.

இனி குழப்பத்துக்கு வருவோம். மேனியாவின் அறிகுறிகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள்: இடைவிடாத பேச்சு, தூக்கக் குறைவு, ஒரு திட்டத்தில் தலைகுப்புற விழுவது, எரிச்சல், சுற்றியிருப்பவர்களைக் கவனிக்காமை. ஆட்டிசம் உள்ள ஒருவரின் சாதாரண செவ்வாய்க்கிழமையே இப்படி இருக்கலாம். தனக்குப் பிடித்த விஷயத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசுவது அவருக்கு இயல்பு. தூக்கம் சிறுவயது முதலே சரியில்லாதவர்கள் அவர்களில் ஏராளம். மறுபக்கம், மனச்சோர்வின் அறிகுறிகளும் அப்படியே: முகத்தில் உணர்ச்சி தெரியாமை, பேச்சுக் குறைவு, தனிமை. முகபாவம் குறைவாகவே உள்ள ஒருவர் உள்ளே இடிந்துபோயிருந்தாலும் வெளியே தெரியாது.

பிரித்தறிய நுணுக்கமான வழிகள் உண்டு. தூக்கத்தை எடுத்துக்கொள்வோம். தூக்கம் வராமல் புரண்டுவிட்டு மறுநாள் சோர்ந்து கிடப்பது ஒன்று. இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு, போதும் என்று துள்ளி எழுவது வேறொன்று. தூக்கத்தின் தேவையே குறைந்துபோவதுதான் மேனியாவின் முத்திரை. ஆர்வமும் அப்படித்தான். ரயிலில் ஆழ்ந்தவன் ரயிலிலேயே ஆழ்ந்திருந்தால் அது அவன் இயல்பு. ரயிலிலிருந்து பங்குச்சந்தைக்கும், அங்கிருந்து புதுக் கம்பெனி தொடங்குவதற்கும், அதற்கு முன்பணம் கட்டுவதற்கும் ஒரே வாரத்தில் தாவினால் கவலைப்பட வேண்டும். எரிச்சலுக்கு நேரக்கணக்கு உதவும். சத்தமும் கூட்டமும் தாங்காமல் ஒருவர் உடைந்துபோவது காரணத்தோடு வரும், சத்தம் நின்று இருட்டறை கிடைத்தால் சில மணி நேரத்தில் தணியும். மேனியாவின் எரிச்சல் இருட்டறைக்கு அடங்காது.

கேள்விகளே ஏமாற்றும் இடமும் உண்டு. "காதில் குரல் கேட்கிறதா?" என்று மருத்துவர் கேட்கிறார். "கேட்கிறது" என்கிறான் இளைஞன். வெளியே டோக்கன் எண்ணைக் கூப்பிடும் குரலைத்தான் சொல்கிறான். "மற்றவர்களுக்கு இல்லாத சக்தி உங்களுக்கு இருப்பதாக நினைக்கிறீர்களா?" "ஆமாம், எந்தத் தேதி சொன்னாலும் கிழமை சொல்வேன்." சொல்லியும் காட்டுவான். சொல்லுக்குச் சொல் பொருள் கொள்கிறவனிடம் பாடப்புத்தகக் கேள்வியைக் கேட்டால் கோப்பில் மனப்பிரமை என்று ஏறிவிட வாய்ப்புண்டு. இதில் மருத்துவரை மட்டும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வரிசையில் இன்னும் எழுபது பேர் காத்திருக்கும் காலைப்பொழுதில் அவருக்கு ஒருவருக்கென்று கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

இதன் தலைகீழும் நடக்கிறது. ஆட்டிசம் என்று சிறுவயதிலேயே சான்றிதழ் வாங்கிவிட்ட ஒருவருக்குப் பிறகு எது வந்தாலும் "ஆட்டிசம்தானே, அப்படித்தான் இருப்பான்" என்று அந்தச் சான்றிதழ் மூடிவிடும். நன்றாகப் படித்து, வேலைக்கும் போய், தன் வித்தியாசங்களை மறைத்து நடிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கோ, குறிப்பாகப் பெண்களுக்கு, முதலில் கிடைப்பது பைபோலார் என்ற பெயராக இருக்கலாம். அமைதியான பெண், கூச்ச சுபாவம், அடக்கமானவள் என்று பாராட்டப்பட்டதெல்லாம் ஆட்டிசத்தின் அடையாளமாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. சோர்வுக் காலம் வடிந்த பிறகும் கூட்டத்தைத் தாங்க முடியவில்லை என்றால், மாத்திரை சரியாக வேலை செய்யவில்லை என்று அளவை ஏற்றுவார்கள். இயல்புக்கு மருந்து கொடுப்பது என்று மேலே சொன்னது இதைத்தான்.

மருந்துச் சீட்டைப் பார்த்தும் எது என்று சொல்லிவிட முடியாது. ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் ஆகிய இரண்டு மருந்துகளும் பைபோலாருக்குத் தரப்படுபவை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் கடுமையான எரிச்சலுக்கும் அவற்றை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இலும் 2009இலும் அனுமதித்தது. ஆட்டிசத்தை மாற்றும் மருந்து எதுவும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் பரவலாக எழுதப்படும் மாத்திரைகள், உள்ளே பைபோலார் ஒளிந்திருக்கும் ஒருவரை மேனியாவுக்குத் தள்ளிவிடக்கூடும். ஆட்டிசம் உள்ளவரின் பதற்றத்துக்கு அதை எழுதுமுன் குடும்பத்தில் யாருக்காவது பைபோலார் இருந்ததா என்று கேட்பது அதனால்தான். கேட்டால், "எங்கள் வம்சத்தில் அப்படி யாரும் இல்லை" என்ற பதில் உடனே வரும். சாமியாடிவிட்டு மூன்று மாதம் வீட்டுக்கே வராமல் போன சித்தப்பா அப்போது யாருக்கும் நினைவுக்கு வரமாட்டார்.

லித்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1949இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் மேனியாவுக்குப் பயன்படுத்தி எழுதிய இந்த எளிய உப்பு இன்றும் பைபோலாரின் முதன்மை மருந்துகளில் ஒன்று. அது வேலை செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பது வழக்கம், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. சிறுநீரகம் லித்தியத்தைக் கிட்டத்தட்ட சோடியத்தைப் போலவே நடத்துகிறது. உடலில் நீரும் உப்பும் குறைந்தால் சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சிறுநீரகம் லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டுவது, வயிற்றுப்போக்கு, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், திடீரென்று உப்பைக் குறைப்பது, கடையில் வாங்கிப் போடும் ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் எல்லாம் அளவை ஏற்றிவிடும். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, நடை தள்ளாடுவது, நாக்குழறுவது வந்தால் அடுத்த மாதச் சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதில் ஆட்டிசம் எங்கே வருகிறது? தாகம், பசி, உடல் அசதி போன்ற உள்ளுணர்வுகள் ஆட்டிசம் உள்ள பலருக்குத் தாமதமாகவோ மங்கலாகவோதான் எட்டுகின்றன. தாகம் எடுத்தால் குடித்துக்கொள் என்ற அறிவுரை அவர்களுக்குப் பயன்படாது. காலை எட்டு மணிக்கு ஒரு செம்பு, பதினொன்றுக்கு ஒரு செம்பு என்று மணிக்கணக்கு வைக்க வேண்டும். அந்தக் கணக்கை அவர்கள் நம்மைவிட ஒழுங்காகக் கடைப்பிடிப்பார்கள் என்பது வேறு. லித்திய அளவு, சிறுநீரகம், தைராய்டு என்று அவ்வப்போது இரத்தப் பரிசோதனை தேவை. ஊசியையும் தொடுகையையும் சகிக்க முடியாதவருக்கு அது ஒவ்வொரு முறையும் ஒரு போர். சில மருந்துகள் எடையை ஏற்றும். சட்டை இறுக்கமாவது பிறருக்கு வருத்தம்; துணியின் தையல்கூட உறுத்துகிறவருக்கு அது மாத்திரையை நிறுத்தப் போதுமான காரணம். "ஏன் மாத்திரையை நிறுத்தினாய்?" என்று கேட்டால் "சட்டை" என்று பதில் வரும். அந்த ஒரு சொல்லைக் கேலியாக எடுத்துக்கொள்ளாத மருத்துவர் கிடைப்பது பாக்கியம்.

இவ்வளவு சங்கடத்துக்கும் நடுவே ஒரு விந்தை இருக்கிறது. பைபோலாருக்கு மருந்தோடு சேர்த்துத் தரப்படும் சிகிச்சைகளில் ஒன்றை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எலன் ஃபிராங்க் என்ற உளவியலாளர் உருவாக்கினார். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, அன்றைய முதல் மனிதரை ஒரே நேரத்தில் சந்திப்பது, வேலையை ஒரே நேரத்தில் தொடங்குவது, இரவு உணவு, படுக்கை எல்லாம் ஒரே நேரத்தில். உடலின் கடிகாரம் தடம் புரண்டால் மனநிலையும் புரளும் என்பதே அதன் அடிப்படை. எழுச்சிக் காலத்தின் பரவசத்தை ஒருமுறை ருசித்தவர்களுக்கு இந்த ஒழுங்கைப் பழக்குவது பெரும்பாடு. ஆட்டிசம் உள்ளவர் அப்படி வாழத்தான் பிறந்ததிலிருந்து போராடிக்கொண்டிருக்கிறார். ஏழு மணிக்கு அதே தட்டில் அதே இட்லி வேண்டும் என்று அவர் கேட்டதைப் பிடிவாதம் என்றுதானே சொன்னோம்? ஒன்றின் இயல்பே இன்னொன்றுக்குப் பாதி மருந்து. வீட்டார் செய்ய வேண்டியதெல்லாம் அதைக் குலைக்காமல் இருப்பது.

குலைக்காமல் இருப்பதுதான் நம் ஊரில் கடினம். ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் இரவுப் பயணம். மாலையில் வரவேற்பு, பாட்டுக் கச்சேரியின் ஒலிபெருக்கி நெஞ்சில் இடிக்கும். பத்து பேர் படுக்கும் அறையில் விளக்கு அணையவே அணையாது. முகூர்த்தம் விடியற்காலை நாலரை என்றால் மூன்று மணிக்கு நாதஸ்வரமும் தவிலும். பார்க்கிறவர்கள் எல்லாம் தோளைத் தட்டி, "என்னைத் தெரிகிறதா, சொல்லு பார்க்கலாம்" என்பார்கள். ஆட்டிசத்துக்கு ஒலியும் ஒளியும் தொடுகையும். பைபோலாருக்கு ஒரு முழு இரவின் தூக்கம். இரண்டுக்கும் எதிரி ஒரே மண்டபத்தில் கூடிவிடுகிறது. மூன்று நாள் கழித்து அவன் தூங்காமல் நோட்டு எழுதத் தொடங்கினால், கல்யாண வீட்டில் கண்பட்டுவிட்டது என்று சுற்றிப் போடுவார்கள். காலையில் நேராக வந்து, தாலி கட்டியதும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று ஒரு வீடு முடிவெடுத்தால் சொந்தக்காரர்கள் கோபிப்பார்கள். கோபித்துக்கொள்ளட்டும். இரவுப் பணி மாறி மாறி வரும் வேலைக்கும் இதே கணக்குதான். அவனுக்கே கல்யாணம் செய்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற யோசனையை நான் விவாதிக்கவே விரும்பவில்லை. புது வீடு, புது மனிதர், தூக்கமில்லாத இரவுகள் என்று எண்ணிப் பார்த்தாலே போதும். பைபோலார் உள்ள பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் நோய் திரும்பும் அபாயம் மிக அதிகம் என்பதையும், பைபோலாருக்குத் தரப்படும் வால்ப்ரோயேட் மருந்து கருவிலிருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதையும் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஜாதகத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் உண்டு, மனநோயும் உண்டு. இரண்டையும் அளக்கும் அளவுகோல்கள் வேறு வேறு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் அதிகம் பேர் பயன்படுத்தாத ஓர் ஏற்பாடு இருக்கிறது: நோய் முற்றி முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் தன்னை எப்படி நடத்த வேண்டும், எப்படி நடத்தக் கூடாது என்று தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் செய்யலாம். நான் பேசாமலிருந்தால் எழுதிக் கேளுங்கள், முன்னால் சொல்லாமல் தொடாதீர்கள், காதை மூடும் கருவியைப் பிடுங்காதீர்கள் என்ற வரிகளை எழுத அதைவிடப் பொருத்தமான காகிதம் கிடையாது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இந்த இரண்டு நிலைகளிலுமே பொதுமக்களைவிட அதிகம். முகத்தில் துயரம் தெரியவில்லை என்பதை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். தொலைபேசியில் பேசவே முடியாதவருக்காகப் பக்கத்தில் இருப்பவர் பேசலாம்.

கடைசியாக, அந்த அம்மாவால் சொல்ல முடியாமல்போன பதிலுக்கு வருகிறேன். "மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. உணர்ச்சி இல்லை என்பதல்ல காரணம். எந்த உணர்ச்சி என்று பெயர் வைக்க வரவில்லை. நல்லவேளையாகத் தமிழில் உடம்பின் வழியாகவும் கேட்க முடியும். நெஞ்சு அடைக்கிறதா, தலை கனக்கிறதா, கை கால் பரபரக்கிறதா என்றால் பதில் வரும். அதைவிடவும் நம்பகமானது எண். எத்தனை மணிக்குப் படுத்தான், எத்தனை மணிக்கு எழுந்தான். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே அந்தந்தத் தேதிக்குக் கீழே இதையும் எழுதிவிடலாம். எண்களை விரும்பும் பிள்ளையென்றால் அவனே எழுதிவிடுவான், ஒரு நாள்கூட விடாமல்.

அடுத்த முறை மருத்துவர் "எப்போதும் இப்படித்தானா?" என்று கேட்கும்போது அம்மா பையிலிருந்து காலண்டரை எடுத்து மேசைமேல் விரிக்கிறார். மாதத்தின் 9ஆம் தேதிவரை தூங்கிய மணி நேரம் ஏழு, ஏழு, ஏழரை, ஏழு. 10ஆம் தேதி சித்தி மகள் கல்யாணம். அதன் பிறகு ஐந்து, நான்கு, மூன்று, இரண்டரை.